தூக்கிய தொட்டி நிற்கவில்லை

மோகனூர் ரோடு, நாமக்கல்
12-11-1978

அன்புள்ள மாப்பிள்ளை சின்னராஜ் அவர்களுக்கு மாமன் ராசப்பன் எழுதிக்கொள்வது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அது யார் வாய் வழியாகவோ மேச்சேரியில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஜபல்பூர் வந்து சேர்வதற்குள் நானே எழுதிவிடுவது கௌரவம்.

வேப்பமரத்தடியில் மாதக்கணக்காகச் சும்மா நின்ற உங்கள் மிலிட்டரி லாரியைப் போன வாரம் கிளப்பினோம். நீங்கள் பட்டாளத்து ஏலத்தில் எடுத்து, டிப்பர் தொட்டி கட்டி வைத்துவிட்டுப் போன வண்டி மண்ணாகப் போகக் கூடாது என்று எண்ணினேன். எரு ஏற்றிக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் போய், டிரைவர் ரங்கன் லீவரை இழுத்தான். தொட்டி முழங்கால் உயரம் எழுந்தது. அப்புறம் சீர் பத்தாத சம்பந்தியைப்போல அப்படியே முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

எட்டாவது வரை படித்த அறிவு சும்மா இருக்குமா? தொட்டிக்குள் ஏறி மண்வெட்டியால் எருவைத் தள்ளினேன். பாரம் குறைந்ததும் அதற்கு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று எழுந்தது. மிச்ச எருவோடு நானும் வழுக்கிக்கொண்டு வந்து காட்டில் விழுந்தேன். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏனுங்க, உங்களயும் சேத்துத்தான் எருவாப் போடச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். குழந்தை கண்ணாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாசியில் சௌந்திரம் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் விழுந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

நீங்கள் பட்டாளத்துப் பணிமனையில் இதைவிடப் பெரிய வண்டிகளை எல்லாம் தூக்கி நிறுத்துகிறவர். தொட்டியைத் தூக்குகிற ஜாக்கி ஏன் இப்படிச் செய்கிறது என்று எழுதவும். உங்கள் அத்தை சௌக்கியம். அவளுக்கு எழுதாவிட்டாலும் லாரிக்காகவாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராசப்பன்

*

ஜபல்பூர்
25-11-1978

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

பாரத்தோடு எழாமல் பாரம் குறைந்ததும் எழுந்தால், பம்பு தேய்ந்திருக்க வேண்டும், அல்லது ஆயில் போதாமல் காற்றை இழுக்க வேண்டும். முதலில் ஆயிலைப் பாருங்கள். தொட்டியை முழுதும் கீழே இறக்கிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். தூக்கி வைத்துக்கொண்டு பார்த்து, குறைகிறது என்று மேலும் ஊற்றுவது எல்லாரும் செய்கிற தப்பு. ஆயில் மோரைப்போல நுரைத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கும். வண்டி மாதக்கணக்காக ஓடாமல் நின்றதல்லவா?

என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஹைட்ராலிக் ஆயில் தவிர வேறு ஊற்றக் கூடாது.

தொட்டி மேலே இருக்கும்போது முட்டுக்கட்டை கொடுக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது. ரங்கனிடம் கண்டிப்பாகச் சொல்லவும். நீங்களும் ஏற வேண்டாம்.

கண்ணாத்தாளை லாரிப் பக்கம் விட வேண்டாம்.

சின்னராஜ்

*

நாமக்கல்
17-12-1978

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என்ன ஆயில் என்று கேட்டீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எஞ்சினுக்கு வாங்கியதில் மீதி இருந்தது, அதையே இதற்கும் ஊற்றிவிட்டோம். ஆயிலில் என்ன சைவம் அசைவம் என்று நினைத்துவிட்டேன். டேங்க் மூடியைத் திறந்தால் நீங்கள் சொன்ன மோர்தான். ஹோஸிலும் வெடிப்பு இருந்தது, உள்ளங்கை ரேகை போல. எல்லாவற்றையும் வடித்து, புது ஹோஸ் மாட்டி, சரியான ஆயில் ஊற்றினோம். இப்போது முழுப் பாரத்தோடும் ஜம்மென்று எழுகிறது. ஜபல்பூரில் உட்கார்ந்துகொண்டு நாமக்கல் லாரிக்கு நாடி பார்த்துவிட்டீர்கள்.

ஆனால் ஒரு வியாதி போனால் இன்னொன்று. எழுந்த தொட்டி நிற்கமாட்டேன் என்கிறது. லீவரை யாரும் தொடவில்லை. அதுபாட்டுக்கு, சத்தமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் படுத்துவிடுகிறது. கண்ணாத்தாள் தூரத்தில் என் தோளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்புச்சி, லாரிக்குத் தூக்கம் வருதுங்க" என்கிறாள். (தூரத்தில்தான். பயப்பட வேண்டாம்.)

அவளை லாரிப் பக்கம் விட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை உங்கள் அத்தை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். குழந்தையைப் பற்றி வந்தது அந்த ஒரு வரிதானே மாப்பிள்ளை. சாப்பிடுகிறாளா, அழுகிறாளா, உங்களைக் கேட்கிறாளா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாப்பிடுகிறாள். உங்களைக் கேட்கிறாள். அம்மாவைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

காரியத்தன்று உங்கள் அத்தை சொன்னதை மனசில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். "பட்டாளத்து ஆஸ்பத்திரி ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குமாமா, என்ற புள்ளைக்குத்தான் பாக்கலையாமா" என்று சபை நடுவே கேட்டுவிட்டாள். நீங்கள் இலையில் உட்காராமல் போனீர்கள். ஒரே பிள்ளையைக் காமாலைக்குக் கொடுத்தவள், யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. சாமியைக் கேட்டுப் பதில் வரவில்லை, உங்களைக் கேட்டாள்.

தொட்டி ஏன் இறங்குகிறது என்று எழுதவும்.

ராசப்பன்

*

ஜபல்பூர்
6-1-1979

மாமா அவர்களுக்கு,

தொட்டி தானாக இறங்குவதற்குக் காரணம் இரண்டுதான் இருக்க முடியும். ஜாக்கியின் பளபளப்பான தண்டைச் சுற்றிப் பேக்கிங் என்கிற ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்தால் ஆயில் வெளியே வழியும், தண்டு நனைந்து தரையில் சொட்டும். தண்டு அவ்வளவாக நனையாமல் தொட்டி இறங்கினால், வால்வு பிடிக்கவில்லை. ஆயில் வந்த வழியே டேங்குக்குத் திரும்பிப் போகிறது.

வால்வைக் கழற்றுங்கள். தொட்டியை இறக்கிவிட்டு, அழுத்தம் போன பிறகு. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும் இருக்கும். குண்டு உட்காரும் இடம் மோதிரம்போல வட்டமாக, சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே மயிரிழை அழுக்கு இருந்தாலும் குண்டு முழுதாக உட்காராது. என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதவும்.

தந்தி வந்தபோது நான் வண்டிகளோடு வெளிப்பயிற்சியில் இருந்தேன். என் கைக்கு வரவே நாளாகிவிட்டது. ரயிலில் உட்கார இடம் இல்லை. கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். அவளை எடுத்துவிட்டீர்கள் என்று சூரமங்கலத்தில் இறங்கிய பிறகு ஒரு டீக்கடைக்காரர் வாயால் தெரிந்தது. நம் ஊர்க்காரர். இதையெல்லாம் அன்று சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடும்பத்துக்கு வீடு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் போன பிறகு வீடு கிடைத்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கண்ணாத்தாளுக்குச் சளி பிடித்தால் மார்பில் கற்பூர எண்ணெய் தடவ வேண்டாம். அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சௌந்திரம் ஒருமுறை எழுதியிருந்தாள்.

சின்னராஜ்

*

நாமக்கல்
11-2-1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியதைப் படிக்கும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் மனசுக்குள் படிக்கத் தெரியாதே, உரக்கப் படித்தே பழக்கம். எழுந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்து, "அந்தப் பையன் கதவோரமா நின்னுட்டேவா வந்தான்?" என்று கேட்டாள். காரியத்துக்குப் பிறகு உங்களைப் பையன் என்று சொன்னது இப்போதுதான்.

வால்வைக் கழற்றினோம். ஸ்பிரிங் இருந்தது, குண்டு இருந்தது. குண்டு உட்காரும் இடத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு. காய்ந்த சுண்ணாம்பு மாதிரி கெட்டி. நடுவே சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ரங்கன் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ரோட்டு மண்ணு இல்லீங்க" என்றான். எனக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

போனதுக்கு முந்தின ஆயுத பூஜைக்கு சௌந்திரம்தான் லாரிக்குப் பூஜை செய்தாள். நீங்கள் ஊரில் இல்லை. மற்றவர்கள் ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைப்பார்கள். இவள் தொட்டியைத் தூக்கச் சொன்னாள். "பாரமெல்லாம் சொமக்கறது இந்தக் காலுதானுங்கப்பா, இதுக்குத்தான் மொதல்ல வெக்கோணும்" என்று சொல்லி, ஜாக்கித் தண்டு முழுக்க, யானைக் காலுக்குப் பூசுவதுபோல அரைத்த சந்தனத்தைப் பூசினாள். திருநீற்றுப் பட்டை போட்டாள். குங்குமம் வைத்தாள். "மேலயும் பூசு சாமி, வஞ்சகம் பண்ணாத" என்று நான் வேறு சொன்னேன். அப்புறம் தேங்காய் உடைத்துவிட்டுத் தொட்டியை இறக்கினோம். பூசியது பூசியபடி தண்டு உள்ளே போனது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த பூஜை துக்கத்தில் போயிற்று, யாரும் பொட்டுக்கூட வைக்கவில்லை. ஆகவே இது அவள் கை வைத்ததுதான், சந்தேகமே இல்லை.

உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலில் தொட்டு மோந்து பார்த்து, சந்தனம் மணக்கிறது என்றாள். நானும் மோந்து பார்த்தேன். ஆயில் நாற்றம்தான். ஆமாம், மணக்கிறது என்று சொன்னேன்.

ரங்கன் பிளேடை எடுத்தான். அவள் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "தொட்டி எறங்குனா எறங்கீட்டுப் போகுது. அத வழிக்க வேண்டாமுங்க" என்றாள். நான் என்ன செய்ய? இருந்தபடியே மூடி, திருகிவிட்டேன். அடுத்த வாரம் சௌந்திரத்துக்குத் திதி வருகிறது.

மாப்பிள்ளை, நீங்கள் படித்த மெக்கானிக். அதை வழிக்காமல் தொட்டியை நிற்கவைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ராசப்பன்

*

ஜபல்பூர்
4-3-1979

மாமா அவர்களுக்கு,

வழி இல்லை மாமா.

உங்கள் கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். வேலை செய்கிறேன் என்று நினைத்து யாரும் கூப்பிடவில்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் பிளேடு வேண்டியதில்லை, தானாக விட்டுவிடும். துணியால் துடைக்க வேண்டாம், நூல் ஒட்டும். டேங்க் அடியிலும் படிந்திருக்கும், அதையும் கழுவி ஆயிலை மாற்றவும். பேக்கிங்கும் கீறியிருக்கும், புதிது போடவும். அத்தைக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இறங்குகிற தொட்டிக்கு அடியில் என்றைக்காவது யாராவது குனிவார்கள். சௌந்திரம் பூசிய சந்தனத்தால் ஓர் உயிர் போகக் கூடாது.

இன்னொன்று எழுத வேண்டியிருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் லாரியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

மேச்சேரியில் அண்ணனும் அம்மாவும் ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறார்கள். பெயர் அங்கம்மாள். அப்பா இல்லாத பெண். முதலில் வேண்டாம் என்றேன். பிறகு சம்மதித்தேன். வைகாசியில் வைத்திருக்கிறார்கள். இந்த முறையும் வீடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்துவிடும். கல்யாணம் முடிந்து திரும்பும்போது கண்ணாத்தாளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

லாரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என்மேல் கோபம் இருந்தால் எழுதிவிடுங்கள். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

சின்னராஜ்

*

நாமக்கல்
8-4-1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தைச் சிரிப்பாக ஆரம்பிக்க வேண்டும் என்று பல தாள்களைக் கிழித்துவிட்டேன். வரவில்லை. ஊரில் எல்லாரையும் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். சரக்குத் தீர்ந்துவிட்டது.

கோபம் இல்லை. உங்கள் வயது என்ன, எவ்வளவு நாள் தனியாக இருப்பீர்கள்? இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் அத்தை இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து, "லாரிக்குப் போலாம், வாங்க" என்றாள். ரங்கன் வால்வைக் கழற்றினான். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை அவளே பிடித்துக்கொண்டாள். ஊறிக் கரைந்து அது மஞ்சளாக அடியில் இறங்கியது. கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை ஒரு சிமிழில் எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு? சாமிக்கு வெச்சது. சாமி எடுத்துக்கிச்சு" என்று சொல்லி, வேலியோரம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள்.

தொட்டியைத் தூக்கி, நீங்கள் சொன்னபடி முட்டுக்கட்டையும் கொடுத்து, இடையில் விரல் நுழைகிற இடம் விட்டு, சாப்பிடப் போனோம். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. வந்து பார்த்தால் அந்த விரல் இடம் அப்படியே இருந்தது. ரங்கன் சிரித்தான். எனக்கும் உங்கள் அத்தைக்கும் அது இறங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்போல இருந்தது.

அன்று சாயந்திரம் உங்கள் அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாலி கட்டுன கையோட அந்தப் புள்ள மொதல்ல நம்மூட்டுக்குத்தான் வரோணும். சீலை நாமதான் எடுக்கோணும். மூத்தவளுக்குப் பொறந்தூடுன்னா, வர்றவளுக்கும் அதேதான் பொறந்தூடு. அப்பன் இல்லாத புள்ளைங்கறாங்க. இங்க ஒரு அப்பன் வேலையில்லாமத்தான இருக்கறீங்க." நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். ஆனாலும் இதை வழக்கத்துக்காகச் சொல்கிறவள் இல்லை அவள். ஆகவே வாருங்கள்.

<s>கண்ணாத்தாளை மட்டும் இன்னும் ஒரு வருஷம் எங்களிடம் விட்டுவைக்க முடியுமா? இங்கேயே பள்ளிக்கூடத்தில் போடலாம். புதுக் குடித்தனத்தில் குழந்தை எதற்கு.</s>

மேலே உள்ளதை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீங்கள் படிக்க முடிகிற அளவுக்குத்தான் அடித்திருக்கிறேன்.

ராசப்பன்

*

ஜபல்பூர்
29-4-1979

மாமா அவர்களுக்கு,

அடித்திருந்ததைப் படித்தேன்.

அவளை அனுப்பிவிடுங்கள் மாமா. சௌந்திரத்தின் முகம் இனி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. உங்களுக்கு வேறில்லை என்று தெரியும். எனக்கும் வேறில்லை. ஒன்றை எப்படிப் பங்கு போடுவது? விட்டுவைத்தால் அடுத்த வருஷம் இதைவிடக் கஷ்டம். அவளுக்கு நான் போட்டோவில் இருக்கிற ஆளாகிவிடுவேன்.

அத்தை சொன்னதை அண்ணனுக்கு எழுதினேன். படித்துவிட்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று அண்ணி எழுதியிருக்கிறாள். முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம்.

தொட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

சின்னராஜ்

*

நாமக்கல்
24-6-1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மகள் அங்கம்மாளுக்கும் ராசப்பன் எழுதிக்கொள்வது.

சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. கண்ணாத்தாள் ரயிலில் கூட வந்த ஒரு ஆபீசரின் தொப்பியைக் கேட்டு அழுதாள் என்பதைப் படித்து உங்கள் அத்தை சிரித்தாள். பாட்டியைக் கேட்டு அழவில்லையா என்று அப்புறம் மெதுவாகக் கேட்டாள். நீங்கள் எழுதாததால் நான், அழுதாளாம் என்று சேர்த்துப் படித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் மாற்றி எழுதி என்னைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டாம்.

அங்கம்மா, நீ இங்கே இருந்தபோது உன் இந்த வீட்டு அம்மாவிடம் ஒன்று கேட்டாயாமே, மூத்தவர் குழந்தைக்கு எப்படிச் சடை பின்னுவார் என்று. கேட்டுவிட்டு, அதேபோலப் பின்னினாயாம். அவள் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கத் தெரிந்த பெண் என்று சொல்கிறாள். அவள் வாயால் அது பெரிய பட்டம். நான் இத்தனை வருஷமாகியும் வாங்கவில்லை.

உங்களைச் சேலம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முன்னால் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டீர்கள், எனக்கு இடம் இல்லை. பின்னால் தொட்டியில் டிரங்குப் பெட்டியோடு நின்றுகொண்டு வந்தேன். சூரமங்கலத்தில் ஒரு போலீஸ்காரர் தேர்தலுக்கு நிற்கிறீர்களா என்று கேட்டார். ஓட்டுப் போடுகிறீர்களா என்று நானும் கும்பிட்டேன்.

லாரி நன்றாக ஓடுகிறது. நீங்கள் என்ன சொன்னாலும் அது உங்கள் லாரிதான். பட்டாளத்திலிருந்து வந்ததும் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அத்தை உங்களை இப்போது தம்பி என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

மாப்பிள்ளை, அங்கம்மாளுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் இந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். இனி வருவது உங்களுக்கு மட்டும்.

நீங்கள் வருவதற்கு முந்தின வாரம் முழுக்க நான் கண்ணாத்தாளைப் பழக்கினேன். வரப்போகிறவளை அக்கா என்றோ, அவங்க என்றோ கூப்பிடக் கூடாது, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பொரி உருண்டை கொடுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அத்தைக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இங்கே இருந்த நாளெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துத்தான் கூப்பிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது. கூட்டம். நீங்கள் பெட்டியோடு ஏறிவிட்டீர்கள். அங்கம்மாள் படியில் கால் வைத்துவிட்டாள். குழந்தை என் கையில் இருந்தது. விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பயந்துவிட்டாள்போல. கையை நீட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, என்னயும் தூக்கீக்குங்க" என்று கத்தினாள்.

அங்கம்மாள் திரும்பினாள். அவள் முகம் எப்படி ஆயிற்று என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் அத்தை புடவையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் குழந்தையைத் தூக்கி அங்கம்மாள் கையில் கொடுத்து, "அப்படித்தான் கூப்பிடோணும் சாமி, என்ற தங்கம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் கேட்டீர்கள்.

கேட்காதது ஒன்று இருக்கிறது. குழந்தை அம்மா என்று கத்தின அந்த நேரத்தில் மனசுக்குள் நான் வேறொருத்தியிடம் பேசினேன்.

சௌந்திரம், காதைப் பொத்திக்க சாமி.